தெரிந்தவர் குட்டலாம்

சங்கர்,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத எனக்கு இப்போது மனம் வரவில்லை. பொங்கலுக்கு வந்திருந்தபோது, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், உன் அம்மாவிடம் ஒரு விஷயம் சொன்னாய். ஒன்றாம் வகுப்பில் அத்தனை பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகச் சமாளிக்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னாய். கரும்பலகையில் ஓர் எழுத்தை எழுதிக் கேட்பாயாம். சொல்லத் தெரிந்த பிள்ளை எழுந்துபோய், தெரியாத பிள்ளைகளின் தலையில் ஆளுக்கொரு குட்டு வைக்க வேண்டுமாம். "நான் கைய நீட்டுறதே இல்லம்மா. அதுங்களே அதுங்கள அடிச்சிக்கிதுங்க. ஒரே சிரிப்பு," என்றாய். உன் அம்மாவும் சிரித்தாள். உன் இலையில் இன்னொரு வடை வைத்தாள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனதை வயிற்றுக் கோளாறு என்று நீ நினைத்துக்கொண்டாய். அங்கேயே உட்கார்ந்திருந்தால் உன் கன்னத்தில் அறைந்திருப்பேன். அறைந்திருந்தால், அப்பாவே அடித்துத்தான் சொல்லிக்கொடுக்கிறார் என்று உனக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும். அந்த நியாயத்தை உனக்குக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

அதே சாப்பாட்டில் இன்னொன்றும் சொன்னாய். மலைக்காரப் பிள்ளைகளுக்கு எவ்வளவு சொன்னாலும் படிப்பு ஏறாது, "அத்தை பசங்களயே பாரேன்," என்று சொன்னாய். உன் அத்தையும் நானும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். நீயும் அந்த மலைக்காரன் மகன்தான். இதை நீ மறந்தாயா, மறக்க விரும்பினாயா என்று நான் கேட்கப்போவதில்லை. இரண்டுக்கும் சேர்த்து இந்த ஒரே கடிதம். படித்து முடிக்கும்போது என்மேல் உனக்குக் கோபம் வரும். வரட்டும்.

நான் எழுத்துப் படித்த பள்ளிக்கூடம் இப்போது இல்லை. அமிர்தி காட்டிலிருந்து மேலே ஏறிப்போனால் எங்கள் ஊர். ஐம்பதுகளின் கடைசியில் அங்கே ஒரு மண்சுவர்க் கொட்டகை போட்டுப் பள்ளிக்கூடம் என்றார்கள். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கலாம். பிறந்த நாளை யாரும் குறித்து வைக்காத ஊர். பல்லைப் பார்த்துத்தான் என்னை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். உன் அத்தை பச்சையம்மாவுக்கு ஆறு வயதுகூட இருக்காது. அம்மா சாமைக் காட்டில் களை எடுக்கப் போய்விட்டால் வீட்டில் அவளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதனால் என் கையைப் பிடித்துக்கொண்டு அவளும் வந்தாள்.

எங்கள் வாத்தியார் கண்ணமங்கலம் பக்கத்துக்காரர். இளவயது. அப்போதுதான் மீசை கறுக்கத் தொடங்கியிருந்தது. அவர் பெயரை எழுத மாட்டேன். அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அவர் ஒரு ராட்சசர் என்று நீ நினைத்துவிட்டால் இந்தக் கடிதத்தால் எந்தப் பயனும் இல்லை. அவர் நல்ல வாத்தியார். உன்னைவிட நல்ல வாத்தியார் என்றே சொல்வேன். அச்சடித்த படம் ஒன்றுகூட அவரிடம் கிடையாது. ஓடை மணலைச் சலித்து எடுத்து வரச் சொல்லி, கொட்டகை முழுக்கப் பரப்பி, ஆளுக்கு ஒரு முழம் இடம் ஒதுக்கிக் கொடுப்பார். எங்கள் ஆள்காட்டி விரலைத் தன் விரலுக்குள் வைத்துக்கொண்டு 'அ' போட்டுக் காட்டுவார். அவர் கை சூடாக இருக்கும். கணக்குக்குப் புளியங்கொட்டை. ஒரு பக்கம் மட்டும் பாறையில் தேய்த்து வெள்ளையாக்கி வைத்திருப்போம். கைநிறைய அள்ளித் தரையில் உருட்டினால் சில வெள்ளையாக விழும், சில கறுப்பாக விழும். வெள்ளை எத்தனை, கறுப்பு எத்தனை, சேர்த்தால் எத்தனை. ஒவ்வொரு முறையும் வேறு வேறு மாதிரி விழும், ஆனால் கூட்டினால் அதே எண்தான் வரும். முதன்முதலில் அது புரிந்த நாளில் ஒரு பையன் எழுந்து குதித்தான். வாத்தியாரும் கூடவே குதித்தார்.

ஓடைக்கரைக் களிமண்ணை உருட்டிப் பாம்பு செய்யச் சொல்வார். பிறகு அந்தப் பாம்பை வளைத்து 'உ' ஆக்கச் சொல்வார். இலைகளைப் பறித்து வந்து பெரியது, சிறியது, முள் உள்ளது, முள் இல்லாதது என்று பிரித்து அடுக்குவோம். கையை ஆட்டி, காலைத் தட்டிப் பாடுவோம். முழங்காலில் காயம் என்றால் டிஞ்சர் போட்டுத் துணி கட்டுவார். ஆடு மேய்க்கப் போய்விட்ட பிள்ளையைத் தேடிக் காட்டுக்கே போய்த் தோளில் தூக்கிக்கொண்டு வருவார். பின்னாளில் அவருக்கு மாற்றல் வந்தபோது ஊரே அவருடைய டிரங்குப் பெட்டியைச் சுமந்துகொண்டு அடிவாரம் வரைக்கும் போனது. பெண்கள் அழுதார்கள். நானும் போனேன்.

எனக்கு எழுத்து மனதில் நிற்கவில்லை. இதற்கு ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள் என்று உன் பயிற்சிப் புத்தகத்தில் ஒருமுறை பார்த்தேன். அப்போது அதற்கு 'மண்டு' என்றுதான் பெயர். 'ன'வும் 'ண'வும் எனக்கு ஒன்றுபோலத் தெரியும். 'ள'வைப் பார்த்து முடிப்பதற்குள் 'ழ' மறந்துவிடும். புளியங்கொட்டைக் கணக்கில் நான் யாருக்கும் சளைத்தவன் இல்லை. ஆனால் பலகையில் எழுத்து வந்துவிட்டால் என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பச்சையம்மாவோ வேடிக்கை பார்க்க வந்த பிள்ளை. அழாமல் இருக்கட்டும் என்றுதான் வாத்தியார் அவளுக்கும் ஒரு முழம் மணல் கொடுத்தார். மழைக்காலம் முடிவதற்குள் பலகையில் இருப்பதையெல்லாம் அவள் படிக்க ஆரம்பித்துவிட்டாள். வாத்தியாருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அவள் பெயரையும் வருகைப் பதிவில் சேர்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அந்த விளையாட்டு வந்தது. உன்னுடையதேதான், அணுவளவும் மாற்றமில்லை. அவர் அதற்கு 'தெரிந்தவர் குட்டலாம்' என்று பெயர் வைத்து, பாட்டுப்போல எங்களைச் சொல்ல வைத்தார். வகுப்பே கைதட்டிக்கொண்டு அதைச் சொல்லும். முதல் நாள் அவர் பலகையில் 'ண' எழுதினார். நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்றோம். வேறு யாரும் சொல்லவில்லை, பச்சையம்மா சொன்னாள். 'போ, குட்டு' என்றார். அவள் சிரித்துக்கொண்டே வரிசையில் வந்தாள். என்னிடம் வந்தபோது கை எட்டவில்லை. என்னை முட்டி போடச் சொன்னார் வாத்தியார். போட்டேன். அவள் விரலை மடக்கி என் உச்சந்தலையில் ஒன்று வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், அவளுக்கு அது விளையாட்டு. நானும் சிரித்தேன், சங்கர். தங்கை முன்னால் முட்டி போட்டுக்கொண்டிருக்கிறவன் சிரிக்காமல் வேறென்ன செய்வான்? உன் வகுப்பில் ஒரே சிரிப்பு என்று சொன்னாயே, அந்தச் சிரிப்பை எனக்கு உள்ளிருந்தே தெரியும்.

இரண்டு மூன்று நாள் இப்படிப் போன பிறகு அவளுக்கு ஏதோ புரிந்துவிட்டது. வீட்டில் எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட அம்மா, "இன்னாடா இது, தலையெல்லாம் பொடச்சிருக்குது?" என்று கேட்டாள். ஆட்டுப்பட்டியின் விட்டத்தில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னேன். அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்த பச்சையம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மறுநாள் அவள் குட்டியது ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தது. வாத்தியார் பார்த்துவிட்டார். அவளைக் கூப்பிட்டு, 'குட்டென்றால் இப்படி' என்று அவள் தலையில் ஒன்று வைத்துக் காட்டினார். கோபமில்லாமல், களிமண் உருட்டச் சொல்லித்தருகிற அதே பொறுமையோடு காட்டினார். மெதுவாகக் குட்டினால் அந்தக் குட்டு உனக்கே திரும்பி வரும் என்றும் சொன்னார். அவள் கண்ணில் நீர் வந்தது. திரும்ப வந்து என்னைச் சரியாகக் குட்டினாள்.

அன்று வீடு போனதும் நான் அப்பாவிடம் சொன்னேன். அப்பா ஏர்க்கலப்பையைச் செதுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "சின்னக் கழுதைக்குத் தெரியுது, உனக்கு ஏன் தெரியல? அடிக்கட்டும், அப்பவாச்சும் ஏறும்," என்று மட்டும் சொன்னார்.

பிறகு ஒருநாள், பலகையில் வாத்தியார் எழுதிய எழுத்தைப் பார்த்து, பச்சையம்மா தெரியாது என்றாள். அதற்கடுத்த எழுத்தும் தெரியாது. மறுநாளும் தெரியாது. ஆறு வயதுப் பிள்ளை அதைத் தானாகவே யோசித்துக் கண்டுபிடித்தது. தெரியாது என்று சொன்னால் யாரையும் அடிக்க வேண்டாம். வரிசையில் என் பக்கத்தில் வந்து நின்று, வேறு பிள்ளைகளிடம் அவளும் குட்டு வாங்கினாள். வாங்கும்போது என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நான் மேலே சொன்ன சிரிப்பு மாதிரி இல்லை அது.

வாத்தியார் முட்டாள் இல்லை. மற்றவர்கள் ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது, அவளை மட்டும் இருக்கச் சொல்லி, கொஞ்சம் பொட்டுக்கடலை கொடுத்து, மணலில் அதே எழுத்துக்களை எழுதச் சொன்னார். அவள் கடலையைத் தின்றுகொண்டே எல்லாவற்றையும் எழுதிவிட்டாள். திரும்பி வந்த எங்களிடம் அவர் விளையாட்டில் ஒரு சின்ன மாற்றம் என்று சொன்னார். இனிமேல் பச்சையம்மாவுக்குத் தெரியாவிட்டால் அவளுக்குக் குட்டு கிடையாது, அவள் அண்ணனுக்கு அடி. அதையும் பிள்ளைகள் இல்லை, அவரே கொடுப்பார். ரூல்தடியின் விளிம்பைக் காட்டினார். எங்கே கொடுப்பார் என்பதற்கு என் கையை நீட்டச் சொல்லி, விரல் முட்டியைத் தொட்டுக் காட்டினார். பிறகு அவளைப் பார்த்து, "நீயே பாத்துக்கோ கண்ணு," என்றார்.

கொஞ்சம் நிறுத்தி இதை யோசித்துப் பார். நீ பி.ஏ. படித்தவன், குழந்தைகளின் மனதைப் பற்றிப் பரீட்சை எழுதியவன். சொன்னால் அண்ணனை அவளே அடிக்க வேண்டும், சொல்லாவிட்டால் அண்ணனை வாத்தியார் அடிப்பார். இந்தக் கணக்கைப் போட அவளுக்குப் புளியங்கொட்டை தேவைப்படவில்லை. பலகையைப் பார்த்தாள், எழுத்தைச் சொன்னாள், என்னிடம் வந்தாள். நான் முட்டி போடுவதற்கு முன்னால் என் காதருகே, "வலிக்குமாண்ணா?" என்று கேட்டாள். வலிக்காது, நல்லா வை என்றேன். நல்லாவே வைத்தாள்.

ஆனால் அவள் அதோடு விடவில்லை. பள்ளிக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஓடையைத் தாண்ட வேண்டும். தண்ணீர் ஓடும்போது நான்தான் அவளை முதுகில் தூக்கிப் போவேன். ஒருநாள் ஓடை நடுவில் என் முதுகில் விரலால் ஏதோ கீறினாள். இன்னா என்று கேட்டேன். இன்னா எழுத்துன்னு சொல்லு என்றாள். அது 'ண' என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கண்ணுக்குப் பிடிபடாதது முதுகுக்குப் பிடிபட்டது. எப்படி என்று இன்றைக்கும் எனக்கு விளக்கத் தெரியாது. அடுத்து 'ன' எழுதினாள். ஒரு வளைவு குறைகிறது என்று தோல் சொன்னது. அதற்குப் பிறகு ஓடையில் தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் அவளைத் தூக்கிக்கொண்டேன். மேட்டில் ஏறி முடிக்கும்வரை எழுதிக்கொண்டே வருவாள். தப்பாகச் சொன்னால் எழுத்தை உள்ளங்கையால் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவாள். என் முதுகில் துடைப்பதற்கு என்ன இருந்தது? ஆனால் துடைப்பாள். எனக்கு எழுத்துச் சொல்லித்தந்தது அவள்தான், சங்கர். ரூல்தடியும் இல்லை, குட்டும் இல்லை. வகுப்பில் பலகையைப் பார்க்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டு முதுகை நினைத்துக்கொள்வேன், எழுத்து வந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டு வாங்குவது குறைந்தது. வாத்தியார் என் தோளில் தட்டிக்கொடுத்தார். குட்டினால்தான் கல்லும் சிலையாகும் என்று தன் விளையாட்டைத் தானே பாராட்டிக்கொண்டார்.

கோடை தொடங்கும்போது கீழேயிருந்து ஓர் அதிகாரி பள்ளியைப் பார்க்க வந்தார். அவர் வருவதற்கு முன்னால் நாங்கள் தரையைச் சாணம் போட்டு மெழுகி, மணலைப் புதிதாகச் சலித்து வைத்தோம். அம்மா என் சட்டையையும் பச்சையம்மாவின் பாவாடையையும் ஓடைக்கல்லில் அடித்துத் துவைத்துக் கொடுத்தாள். அதிகாரி கொஞ்சம் பருமனானவர். மலை ஏறிய களைப்பில் மோர் குடித்துவிட்டு வகுப்பைச் சுற்றி வந்தார். மணல் எழுத்தைப் பார்த்தார், புளியங்கொட்டைக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்தார், களிமண் பழங்களை எடுத்து முகர்ந்து பார்ப்பதுபோல வேடிக்கை காட்டினார். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம். அந்த நேரத்தில் வாத்தியார், இன்னொன்றும் இருக்கிறது என்று சொல்லி எங்களை வரிசையில் நிறுத்தினார்.

பலகையில் 'விண்மீன்' என்று எழுதினார். ஒன்றாம் வகுப்புக்கு அது பெரிய சொல். வரிசையில் யாரும் வாய் திறக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் பச்சையம்மா நின்றாள். அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அவள் உதட்டை அழுத்தி மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அண்ணன் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். நான் கண்ணை மூடினேன். முதல் 'ண்' வேறு, கடைசி 'ன்' வேறு. சொல்லிவிட்டேன். அதிகாரி கைதட்டினார். வாத்தியார் பெருமையோடு, "தீபாவளிக்கு இந்தப் பயலுக்கு 'அ' தெரியாதுங்க சார். எல்லாம் குட்டுதான்," என்றார். பிறகு என்னிடம் திரும்பி, போ, தெரிந்தவர் குட்டலாம் என்றார். வகுப்பு கைதட்டிக்கொண்டு பாடியது.

வரிசையில் முதலில் நின்றவள் பச்சையம்மா. அவள் தயாராகவே தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கென்று அம்மா வைத்துவிட்டிருந்த பூவை ஒரு கையால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, குட்ட வேண்டிய இடத்தை எனக்குக் காட்டினாள். அவள் முகத்தில் வருத்தமே இல்லை. நான் சொல்லிவிட்டேன் என்ற மகிழ்ச்சிதான் இருந்தது.

"மாட்டேன் சார்," என்றேன்.

பாட்டு நின்றது. வாத்தியார் சிரித்தபடியே, உன்னை எத்தனை தடவை குட்டினவள், திருப்பிக் கொடு என்றார். வெக்கப்படுறான், சும்மா பேருக்கு ஒண்ணு வைடா என்று அதிகாரியும் சொன்னார். அப்போது நான் உண்மையைச் சொன்னேன். "அவளுக்குத் தெரியும் சார். அவதான் எனக்குச் சொல்லிக்குடுத்தா. எனக்காவ வாயத் தொறக்காம நிக்கிறா."

நியாயத்துக்கு ஒரு பலன் இருக்கும் என்று நான் உனக்குச் சின்ன வயதில் கதைகள் சொல்லியிருக்கிறேன். இந்தக் கதையை மட்டும் சொன்னதில்லை. அதிகாரி வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் பலகையைத் துடைக்கத் திரும்பினார். அதிகாரி பச்சையம்மாவின் தலையை ஒருமுறை தடவிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் இறங்க வேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார். வாத்தியார் அன்று எங்கள் யாரையும் அடிக்கவில்லை. மிச்ச நேரம் முழுக்கப் பாட்டுத்தான் பாடினோம்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டார், அம்மா தேன் கொண்டுவந்து வைத்தாள். அவர் குரலை உயர்த்தவே இல்லை. பையன் நன்றாக வருகிறான், மேல் வகுப்புக்குக் கீழே அனுப்பலாம் என்றார். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. பிறகு பச்சையம்மாவைப் பற்றிச் சொன்னார். "இந்தப் பொண்ணு தெரிஞ்சிக்கினே தெரியாதுன்னு பொய் சொல்லுதுங்க. இன்னிக்கு அதிகாரி எதுக்கவே பொய் சொல்லிச்சு. இது பக்கத்துல இருந்தா பையனும் கெட்டுடுவான். ரெண்டுல ஒண்ணத்தான் நான் வெச்சிக்க முடியும்."

அப்பா யோசிக்கவே இல்லை. "பொட்டப்புள்ளதானுங்க ஐயா. நிறுத்திடுறேன்," என்றார்.

வாத்தியார் அதோடு போகவில்லை. பள்ளிக்கூடத்தில் போடுகிற மத்தியானச் சோறு பிள்ளைக்குக் கெட்டுவிடக் கூடாதே என்றார். காலையில் வந்து பள்ளிக்கூடத்தைப் பெருக்கி, மணலைச் சலித்துப் பரப்பி வைக்கட்டும், சாயங்காலம் மணலைச் சமன் செய்துவிட்டுப் போகட்டும், எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடட்டும் என்றார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா அவர் காலிலேயே விழப் போனாள். பஞ்ச வருஷம் அது, ஒரு வேளைச் சோறு என்றால் லேசான விஷயம் இல்லை. என் தங்கையின் படிப்பை அறுத்தெடுத்தவரை அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் நன்றியோடு வழியனுப்பினார்கள். பச்சையம்மா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அவளையும் கும்பிடச் சொன்னாள். கும்பிட்டாள்.

மறுநாளிலிருந்து அவள் எங்களுக்கு முன்பே போய் மணல் பரப்பினாள். அவள் பரப்பிய மணலில் நாங்கள் எழுதினோம். நாங்கள் படிக்கும்போது அவள் வெளியே புளியமரத்தடியில், சோற்று நேரம் வரும்வரை உட்கார்ந்திருப்பாள். விளையாட்டு நடக்கும்போது கைதட்டலும் பாட்டும் அவளுக்குக் கேட்கும். சாயங்காலம் ஒரு பலகைத் துண்டை எடுத்து எங்கள் எழுத்துக்களையெல்லாம் ஒரே இழுப்பில் அழிப்பாள். ஒருநாள் நான் என் இடத்தில் அவள் பெயரை எழுதி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவள் குனிந்து பார்க்கக்கூட இல்லை. பலகையை அதன்மேல் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வழியில் நான் சொன்னேன், வாத்தியார் சொல்லித்தருவதை நான் தினமும் உனக்குச் சொல்லித்தருகிறேன், நீ எனக்குச் செய்ததுபோலச் செய்கிறேன் என்று. ஓடைக்கரையில் அவள் நின்றாள். முதுகில் ஏறவில்லை.

"வேணாண்ணா," என்றாள். "தெரிஞ்சா யாரையாச்சும் அடிக்கணும்."

 பாவாடையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கித் தானே நடந்தாள். நான் கீழே விடுதியில் தங்கிப் படித்து, காட்டு இலாகாவில் காவலர் வேலைக்குச் சேர்ந்து, கணியம்பாடியில் வீடு கட்டி, உன்னை ஆசிரியராக்கினேன். பச்சையம்மாவுக்குப் பதின்மூன்று பதினான்கு வயதில் கல்யாணம். நிலப் பத்திரத்தில் அவள் கைநாட்டு வைப்பதை நீ பார்த்திருக்கிறாய். பத்திரம் எழுதுகிறவர் மை தடவ அவள் கட்டைவிரலைப் பிடிக்கும்போது நான் வேறுபக்கம் திரும்பிக்கொள்வேன். 'விண்மீன்' படித்த பிள்ளை அது.

உனக்கு இரண்டு வயதிருக்கும்போது அவளுடைய மூத்தவனை என்னோடு அனுப்பு, நான் படிக்க வைக்கிறேன் என்று போய்க் கேட்டேன். அவள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். "எம்புள்ள யாரையும் அடிக்கவும் வாணாம், யார் கையாலயும் வாங்கவும் வாணாம். மாடு மேய்க்கட்டும்," என்றாள். கெஞ்சினேன். முறத்தைக் கீழே வைக்கவில்லை. அந்தப் பையன்தான் இப்போது வாணியம்பாடித் தோல் கிடங்கில் சுண்ணாம்புத் தொட்டியில் நிற்கிறவன். அவன் விரல் இடுக்கெல்லாம் வெந்து கிடக்கும். பஸ்ஸின் பெயரைப் படிக்கத் தெரியாமல் நிறத்தைப் பார்த்து ஏறுகிறவன். நிறம் மாற்றிய பஸ்ஸில் ஏறி எங்கோ போய், ஊர் பெயரைக் கேட்கவும் வெட்கப்பட்டு, ஒரு நாள் முழுக்க நடந்தே திரும்பி வந்தவன். இவனைக் காட்டித்தான் மலைக்காரனுக்குப் படிப்பு ஏறாது என்று நீ வடை தின்றுகொண்டே சொன்னாய். அது ஏறாமல் போகவில்லை. ஏறியதை அடித்து இறக்கினார்கள். சிரித்துக்கொண்டே இறக்கினார்கள்.

உனக்கு நான் சொல்லக்கூடியது அதிகமில்லை. பிள்ளைகள் சிரிப்பதால் நீ நல்லவன் என்று நினைத்துக்கொள்ளாதே. பயந்த பிள்ளை சிரிக்கும், அவமானப்பட்ட பிள்ளை எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிக்கும். உன் கை சுத்தமாக இருக்கிறது என்றும் நினைக்காதே. ஐந்து வயதுப் பிள்ளையின் கையை இரவல் வாங்கி அடிக்கிறவன், நேராகத் தானே அடிக்கிறவனைவிடக் கீழானவன். வகுப்பு அடங்காவிட்டால் அடங்காமல் போகட்டும். சத்தம் போட்டுத் திரிகிற வகுப்பில் யாரும் ஆயுசுக்கும் ஊமையானதில்லை.

இவ்வளவோடு நிறுத்திவிடத்தான் நினைத்தேன். ஆனால் போன வாரம் நான் உன் பள்ளிக்கூடத்துக்கு வந்தேன். உனக்குத் தெரியாது. உன் அம்மாவிடம் வாணியம்பாடிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அங்கே பஸ் மாறி, ஆலங்காயம் வழியாகக் காவலூருக்கு ஏறினேன். கைப்பம்புப் பக்கத்தில் நின்றால் உன் வகுப்பு ஜன்னல் தெரிகிறது. நீ நன்றாகத்தான் நடத்துகிறாய். படம் ஒட்டிய அட்டைகள், கூழாங்கல் கணக்கு, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்காருகிறாய். பிறகு எழுந்து பலகையில் 'ழ' எழுதினாய். முன்பல் விழுந்த ஒரு சிறுமி சொன்னாள். அவள் வரிசையில் குட்டிக்கொண்டே போனாள். நீ சொன்னபடியே, ஒரே சிரிப்பு.

இடைவேளையில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க ஓடிவந்தார்கள். நான் பம்பை அடித்துக் கொடுத்தேன். குட்டு வாங்கிய பிள்ளைகளில் ஒன்று கடைசியாக நின்று சிலேட்டைக் கழுவியது. சார் கேட்டது என்ன எழுத்து என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன். "ழ," என்றது, நாக்கை மடித்து, நம் வீட்டில் யாருக்கும் வராத அவ்வளவு சுத்தமான உச்சரிப்பில். அப்புறம் ஏன் சாரிடம் சொல்லவில்லை என்றேன். அது என்னை நிமிர்ந்து பார்த்தது. யாராவது கேட்கிறார்களா என்று பின்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டது.

"சொன்னா நான் போய்க் குட்டணும் தாத்தா," என்றது.

அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டேன், சொன்னது. ஆணா பெண்ணா என்றுகூட இந்தக் கடிதத்தில் எழுதவில்லை, கவனித்திருப்பாய். உன்னிடம் சொல்ல மாட்டேன். சொன்னால் நீ அந்தப் பிள்ளையை என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது.

அப்பா